வீட்டில் செய்த ராக்வூல் பேனல் உண்மையில் வேலை செய்கிறதா? அளந்து பார்க்க வழி சொல்லுங்கள்

மொட்டைமாடி அறை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மாடியில் இருக்கும் ஓர் அறையை மிருதங்கமும் வாய்ப்பாட்டும் பதிவு செய்வதற்காக ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. செங்கல் சுவரில் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே நின்று பேசினாலே கணகணவென்று இருக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு தட்டு தட்டினால் 'கும்' என்று எழும்பி, அடுத்த சொல் விழுந்த பிறகும் அடங்காது.

ஒலி உறிஞ்சும் பேனலைக் கடையில் வாங்க விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் தச்சரை வைத்து நாமே செய்துவிட்டோம். ரீப்பர் கட்டையில் 4க்கு 2 அடி சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) ஸ்லாப் இரண்டு அடுக்கு, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, மேலே காடா துணி. ஆறு பேனல் தயாராக இருக்கிறது. இன்னும் மாட்டவில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு பிரயோஜனம் என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த ஆறுக்குச் செலவு செய்ய மனம் வரும்.

கையில் ஒரு கண்டன்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ், 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கின்றன. பழைய இலவம்பஞ்சு மெத்தையும் முட்டை அட்டைகளும் வீட்டில் கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்தே சோதிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

---

கச்சேரி மைக் எழுதியது:

அறை நடுவில் நின்று பலமாகக் கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒரு வால் வரும். பேனலை மாட்டிவிட்டு மறுபடி தட்டுங்கள். வால் போயிருந்தால் வேலை முடிந்தது. நான் பல வருடமாக இப்படித்தான் அறைகளைச் சரி செய்கிறேன்.

---

அளவுகோல் எழுதியது:

கை தட்டல் ஒரு விஷயத்தை அழகாகக் காட்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய் வருகிறதே, அந்தப் படபடப்பை. அதற்கு மேல் அதை நம்ப முடியாது. கை தட்டும் சத்தத்தின் பலமெல்லாம் ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்கு மேலேயும்தான். 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை. இவருக்கு இருக்கும் தொல்லையோ தொப்பியின் 'கும்'. கை தட்டிப் பார்த்தால் ஒரு கனமான திரைச்சீலையே அறையைக் குணப்படுத்திவிட்டதாகத் தோன்றும். தொப்பி மட்டும் அப்படியே குமுறிக்கொண்டிருக்கும்.

முதலில் அறையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் வெயிலில், அறை 28 டிகிரி இருந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 348 மீட்டர். 10 அடி என்றால் 3.05 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை தானாகவே முழங்கும் முதல் அதிர்வெண் வரும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47.5. அவற்றின் இரட்டிப்பு 114, 95. உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றே. ஆகவே 57இலும் 114இலும் இரண்டு திசைகளும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. அந்தக் 'கும்' எங்கிருந்து வருகிறது என்று அளக்காமலே ஊகிக்கலாம். ஆனாலும் அளக்க வேண்டும்.

கருவி என்று பார்த்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் போதும். ஸ்பீக்கர் வழியாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒரு ஸ்வீப் ஓடும், மைக் கேட்கும், மென்பொருள் அதிலிருந்து அறையின் பதிலைப் பிரித்து எடுக்கும். அளவீட்டு மைக்தான் வேண்டும் என்றில்லை. நீங்கள் முன்னையும் பின்னையும் ஒப்பிடப் போகிறீர்கள்; உங்கள் மைக்கின் குணம் இரண்டு தடவையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அறையின் முழு அதிர்வெண் கோடும் அப்படியே சரியாக வேண்டுமென்றால் மட்டும் யூமிக்-1 போல, வரிசை எண்ணுக்கு ஏற்ற திருத்தக் கோப்போடு வரும் மைக் வாங்குங்கள்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் அநேகமாக எல்லாமே மிக்ஸிங் செய்பவருக்காக எழுதப்பட்டவை. நாற்காலியில் காது இருக்கும் இடத்தில் மைக், மேசையில் ஸ்பீக்கர். நீங்களோ பதிவு செய்பவர். மிருதங்கம் எங்கே இருக்கப் போகிறதோ அங்கே ஸ்பீக்கரைத் தரையில் வையுங்கள். பதிவு மைக் எங்கே நிற்குமோ அங்கேயே அளக்கும் மைக்கையும் நிறுத்துங்கள். வாத்தியத்திலிருந்து மைக்குக்குப் போகும் வழியில் அறை என்ன சேர்க்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான விடை.

கூடவே இன்னொரு அளவீடும் எடுத்து வையுங்கள். ஸ்பீக்கர் ஒரு மூலையில் தரையோடு, மைக் நேர் எதிர் மூலையில் தரையோடு. மூலையில் எல்லா முழக்கங்களும் உச்சத்தில் இருப்பதால் ஒன்றும் ஒளிந்துகொள்ளாது.

ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு கால்கள் எல்லாவற்றுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மைக் ஒரு சாண் நகர்ந்தால் உயர் அதிர்வெண் கோடு முழுக்க மாறிவிடும், அதைப் பேனலின் வேலை என்று நினைத்துவிடுவோம். மின்விசிறி கட்டாயம் அணைந்திருக்கட்டும். இரைச்சல் மட்டும் காரணமில்லை. ஸ்வீப் ஓடும்போது காற்று அசைந்தாலே கணக்கு கலங்கும். கதவும் ஜன்னலும் எப்போதும் ஒரே நிலையில். வால்யூம் குமிழைத் தொடவே வேண்டாம். அளவீட்டுக்கு அளவீடு ஒரே ஒரு மாற்றம்தான்.

---

தறிக்காரர் எழுதியது:

துணி பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் தொழில் அது. துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்று தாராளமாகப் பட்டால் ஒலியும் போகும். காடா துணியில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, ஆனால் கஞ்சி ஏற்றிய காடா என்றால் ஒரு தடவை அலசிக் காயவைத்துவிட்டுப் போர்த்துங்கள். அலசினால் சுருங்கும், அளவைக் கூடுதலாக வெட்டுங்கள். ரெக்சின், பின்பக்கம் ரப்பர் பூச்சு உள்ள சோபா துணி இவையெல்லாம் ஒலியை முகத்தில் அடித்துத் திருப்பி அனுப்பும்.

---

கொழும்புக் குரல் எழுதியது:

நல்ல இழை, நன்றி. நான் கொழும்பில் ஒரு சின்ன அறையில் குரல் பதிவு செய்கிறேன், விளம்பரமும் ஒலிநூலும். ராக்வூல் வாங்க வசதி இல்லை. தும்பு மெத்தை இரண்டை நிமிர்த்தி வைத்து, நடுவில் நின்று கதைக்கிறேன். உடுப்பு அலுமாரியையும் திறந்து விடுவேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போனில் இருக்கிற செயலியால் இதை அளக்கலாமா அண்ணை?

---

அளவுகோல் எழுதியது:

தங்கச்சி, பேச்சுக் குரலுக்கு நீங்கள் செய்திருப்பது சரியான வேலை. தும்பு நல்ல நார்ப்பொருள், காற்று உள்ளே புகுந்து உராய்ந்து வெப்பமாகத் தேய இடம் கொடுக்கும். ஒலி உறிஞ்சலின் அடிப்படையே அதுதான். மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் ஓர் அடி தள்ளி நிறுத்திப் பாருங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள் அசைவதே இல்லை. அசைவு உச்சம் பெறுவது கால் அலைநீளத் தொலைவில். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், அதில் கால் பங்கு 87 செ.மீ. அவ்வளவு தடிப்புக்கு யாராலும் செய்ய முடியாது. ஆனால் சுவரிலிருந்து தள்ளி வைக்கும் ஒவ்வோர் அங்குலமும் அந்தத் திசையில்தான் போகிறது, அதுவும் காசில்லாமல்.

போன் வேண்டாம். போன்கள் பேச்சுக்காகத் தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிடும், பலவற்றில் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலியளவும் இடையில் புகுந்து வாலை வெட்டும். நீங்கள் பதிவுக்குப் பயன்படுத்தும் மைக்கையே வைத்து அளங்கள்.

---

கச்சேரி மைக் எழுதியது:

அளவுகோல் சொல்வது புரிகிறது. ஆனால் கம்பெனிக்காரர்கள்தான் ஏற்கெனவே ராக்வூலுக்கு உறிஞ்சல் எண் (1 என்றால் பட்ட ஒலி முழுக்க உறிஞ்சப்படுகிறது) போட்டுக் கொடுத்திருக்கிறார்களே. 0.9, 1.05 என்றெல்லாம். அதை நம்பி மாட்டிவிட்டுப் போகலாமே, வீட்டில் எதற்கு இத்தனை பாடு?

---

அளவுகோல் எழுதியது:

அந்த எண் ஆய்வகத்தில் எடுத்தது சார். ஐஎஸ்ஓ 354 என்ற சர்வதேசத் தரமுறைப்படி குறைந்தது 150 கன மீட்டர் உள்ள எதிரொலிக் கூடத்தில், 10 முதல் 12 சதுர மீட்டர் பொருளைத் தரையில் பரப்பி அளப்பார்கள். இவருடைய அறை மொத்தமே 34 கன மீட்டர். ஒன்றுக்கு மேல் எண் வருவதற்குக் காரணம், பொருளின் விளிம்புகளும் சேர்ந்து உறிஞ்சுவது. பரப்பைக் கணக்கிடும்போது முகப்பை மட்டும் எடுப்பார்கள். அந்த எண்ணை நாம் வீட்டில் திரும்ப எடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். நாம் தேடுவது இந்த அறையில், இந்த இடத்தில், இந்தப் பேனல் எவ்வளவு மாற்றியது என்பதை.

இந்த வழிக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியாமல் எதிரொலித்தது. சரி செய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு மறையும் வரை நேரம் குறித்தார். எத்தனை மெத்தை வைத்தால் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்துதான் இன்றைய எதிரொலிச் சூத்திரமே பிறந்தது. தான் உடுத்தியிருக்கும் உடைகூட முடிவை மாற்றுகிறது என்று கண்டு, பிறகு அளக்கும்போதெல்லாம் ஒரே உடையை அணிந்தார். ஆகவே மொட்டைமாடி தம்பி, ஸ்வீப் ஓடும்போது நீங்கள் அறைக்குள் நிற்காதீர்கள். மடிக்கணினியை வெளியே வைத்து, கேபிளைக் கதவிடுக்கில் விடுங்கள்.

எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்ற பிறகு அறை அடங்க எடுக்கும் நேரம், 0.161 × கன அளவு ÷ உறிஞ்சல் என்பதே சபைன் சூத்திரம். அதை வைத்து உங்கள் ஆறு பேனலுக்கு முன்கூட்டியே ஒரு கணக்குப் போடலாம். 0.161ஐ கன அளவால் பெருக்கினால் 5.47. வெறும் அறையில் நடு அதிர்வெண்ணில் எதிரொலி ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். 5.47ஐ 1.5ஆல் வகுத்தால் இப்போது அறையில் இருக்கும் உறிஞ்சல் 3.65 சதுர மீட்டர். ஆறு பேனல் சேர்ந்தால் இன்னும் 4.5 சதுர மீட்டர். மொத்தம் 8.15. திரும்ப வகுத்தால் 0.67 நொடி. பாதிக்கும் கீழே வர வேண்டும். அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

மதுரை சிவில் எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை. ராக்வூலை வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். தோலில் பட்டால் அரிக்கும். புற்றுநோய் பயம் பலருக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகை நார்களை 2002இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மூன்றாம் பிரிவுக்கு, அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவை என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டது. துணியை நான்கு பக்கமும் மடித்து ஸ்டேப்ளர் அடித்து, பின்பக்கமும் ஒரு மெல்லிய துணி போட்டு மூடினால் தூசி வெளியே வராது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை முட்டை அட்டையும் சாதாரண பாலியூரித்தேன் ஸ்பாஞ்சும்தான். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் சத்தம் குறைக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பட்டு நூறு பேர் இறந்துபோனார்கள். ராக்வூல் கல்லை உருக்கி இழைத்தது, தானாகத் தீப்பிடிக்காது. வீட்டு அறைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரே கதவுள்ள அறை என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை அட்டையைச் சோதித்த கையோடு வெளியே எடுத்துவிடுங்கள்.

---

மொட்டைமாடி அறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தெரு அடங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து அளந்தேன். பகலில் ஸ்வீப் ஓடினால் பக்கத்து வீட்டு மோட்டார், குக்கர் விசில் எல்லாம் கோட்டில் வந்துவிடுகிறது.

வெறும் அறை: 500இலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை ஒன்றரை நொடிக்குப் பக்கத்தில். அளவுகோல் அண்ணா ஊகித்ததேதான்.

முட்டை அட்டை: ஒரு சுவர் முழுக்கச் சாய்த்து வைத்தேன். ஆயிரத்துக்கு மேலே கொஞ்சம் இறங்கியது. 500க்குக் கீழே கோடு மேல் கோடு, பிரித்தே பார்க்க முடியவில்லை. மதுரை சிவில் சார் சொன்னபடி அன்றே வெளியே போட்டுவிட்டேன்.

இலவம்பஞ்சு மெத்தை: இது என்னை அசத்திவிட்டது. மூலையில் குறுக்காக நிறுத்தினேன். 250க்கு மேலே, அதே இடத்தில் வைத்த ஒரு ராக்வூல் பேனலுக்குச் சளைக்கவில்லை. அதற்குக் கீழே ராக்வூல் முந்துகிறது.

ஆறு பேனலையும் சுவரோடு ஒட்டி மாட்டியபோது நடு அதிர்வெண்ணில் முக்கால் நொடிக்கு வந்தது. பிறகு கட்டையை முட்டுக்கொடுத்து 4 அங்குலம் தள்ளி மாட்டினேன். மேலே பெரிய வித்தியாசம் இல்லை. 125, 200 பக்கம் மட்டும் வால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுருங்கியது. பேனல் அதேதான், செலவு நாலு துண்டு ரீப்பர்.

அடுத்து நான்கு பேனலை மூலைகளுக்குக் குறுக்காக மாற்றினேன். 114இல் இருந்த மேடு தணிந்து சீக்கிரமே அடங்குகிறது. ஆனால் 57 அசையவே இல்லை. ஒவ்வோர் அதிர்வெண்ணும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் அது மட்டும் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஆறு பேனல் செய்தால் அடங்குமா?

ஒரு சந்தேகமும் உண்டு. எதிரொலி நேரப் படத்தில் 100க்குக் கீழே எண்கள் தாறுமாறாக வருகின்றன. எதை நம்புவது?

---

பாட்டு டீச்சர் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பாடகி, அளவீடு தெரியாது. ஆனால் இப்படிப் பேனல் நிறைந்த அறைகளில் பாடிய அனுபவம் உண்டு. குரல் வெளியே போய்த் திரும்பியே வராது. அப்போது நம்மை அறியாமல் அழுத்திப் பாட ஆரம்பிப்போம், மேல் ஸ்தாயியில் தொண்டை இறுகும், கமகம் முரடாகும். ராக ஆலாபனைக்குக் கொஞ்சமாவது ஒலி சூழ்ந்திருக்க வேண்டும். எண் குறையக் குறைய நல்லது என்று போய்விடாதீர்கள்.

---

அளவுகோல் எழுதியது:

அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அளவீட்டில் மூழ்கியவர்கள் மறந்துபோகிற விஷயம் இது. குரலுக்கு என் யோசனை: பாடுபவரின் முதுகுப் பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் பேனல், முகத்துக்கு எதிர்ச் சுவர் வெறுமையாக. முன்பக்க ஒலியை அதிகமும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும் கார்டியாய்டு மைக் பாடுபவரை நோக்கி இருப்பதால் அவருக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அதிகம் கேட்கும். அங்கே உறிஞ்சினால் பதிவு சுத்தமாகும். எதிர்ச் சுவரிலிருந்து வருவது பாடுபவரின் காதுக்கு ஆதரவு, மைக்கின் முதுகுக்குத்தான் அது படும். தரையையும் வெறுமையாக விடுங்கள். ஜமக்காளம் விரித்தால் உச்ச ஒலி மட்டும் செத்து அறை மந்தமாகும்.

தம்பியின் சந்தேகத்துக்கு வருகிறேன். எதிரொலி நேரம் என்பது ஒலி அறை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும்போதுதான் பொருள்படும். உங்கள் அளவு அறையில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அப்படிப் பரவுவதில்லை. தனித்தனி முழக்கங்கள்தான் இருக்கின்றன. ஆகவே 300க்கு மேலே எதிரொலி நேரத்தைப் பாருங்கள், கீழே வாட்டர்ஃபாலை மட்டும் பாருங்கள். 5 அங்குல ஸ்பீக்கர் 50 பக்கம் இளைத்துவிடும் என்பதால் ஸ்வீப்பின் நீளத்தைக் கூட்டுங்கள். நீளம் இரட்டிப்பானால் இரைச்சலுக்கு மேலே 3 டெசிபல் கிடைக்கும்.

57க்கு இன்னும் ஆறு பேனல் செய்யாதீர்கள். அந்த அலையின் கால் பங்கே ஒன்றரை மீட்டர். 4 அங்குல நார்ப்பொருள் அதைத் தொடாது, எத்தனை மாட்டினாலும் சரி. மிருதங்கம் இப்போது எங்கே இருக்கிறது?

---

மொட்டைமாடி அறை எழுதியது:

10 அடிச் சுவர்களில் ஜன்னல் இல்லாத சுவருக்கு முன்னால், ஆனால் ஒரு பக்கமாக ஒதுங்கி. பக்கச் சுவரிலிருந்து இரண்டடி இருக்கும். மறுபக்கம் மேசை போட்டிருப்பதால்.

---

அளவுகோல் எழுதியது:

அங்கேதான் விஷயம். அகலத்தில் எழும் 57 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்குப் பக்கச் சுவர்களில் அழுத்தம் உச்சம், சரி நடுவில் சுழியம். பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வாசித்தால் அதை நன்றாகத் தட்டி எழுப்புகிறீர்கள். அகலத்தின் சரி நடுவுக்கு, ஐந்தடிக் கோட்டுக்கு, மிருதங்கத்தை நகர்த்துங்கள். மைக்கும் அதே கோட்டில். அகல முழக்கம் எழும்பவே இடம் கிடைக்காது. உயரத்தால் வரும் 57 இருக்கவே செய்யும், ஏனென்றால் மிருதங்கம் தரையில்தான் இருந்தாக வேண்டும், தரையில் அதற்கு உச்சம். ஆனால் இரண்டு சேர்ந்து முழங்கியது ஒன்றாகக் குறையும். மேசையை நகர்த்துங்கள், ஸ்பீக்கரை அந்த இடத்தில் வைத்து மறுபடி ஓர் அளவீடு. வேறெதையும் மாற்ற வேண்டாம்.

---

மொட்டைமாடி அறை எழுதியது:

நகர்த்தி அளந்தாயிற்று. 57இன் மேடு நன்றாகவே இறங்கிவிட்டது, வாலும் முன்பு இருந்ததில் பாதி அளவுக்குத்தான் நீள்கிறது. வாசித்தும் பார்த்தோம். தொப்பியில் 'தொம்' விழுந்து, அடுத்த சொல்லுக்கு முன் ஒதுங்கி வழி விடுகிறது. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற சொல் இப்போது தனியாகத் தெரிகிறது.

பாட்டு டீச்சர் அம்மா சொன்னதற்காக மூலையில் இல்லாத இரண்டு பேனலையும் காலில் நிற்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். குரல் பதிவன்று பாடுபவருக்குப் பின்னால், மற்ற நாளில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில். இலவம்பஞ்சு மெத்தை கதவு மூலைக்குப் போகிறது. மொத்த அளவீட்டுக் கோப்பையும் இங்கே ஏற்றியிருக்கிறேன். வெறும் அறை, முட்டை அட்டை, மெத்தை, பேனல் ஒட்டி, பேனல் தள்ளி, மூலை, நடுக்கோடு என்று பெயர் வரிசையாக இருக்கும். இதே அளவு மாடி அறை வைத்திருப்பவர்கள் தங்கள் கோட்டோடு வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், குறிப்பாக உயரம் 9 அடி உள்ளவர்கள்.